சாவியில்லாச் சக்

கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பேட்டரி டிரில்லில் பிட் நழுவுகிறதென்று, பழுது பார்க்க அவ்வளவு தூரம் இறங்குமுன் சற்றுப் பொறுங்கள். பெரும்பாலும் குறை கருவியிலன்று. பிட்டைக் கவ்வும் சக்கை நாம் முடுக்கும் முறையிலேயே உள்ளது.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். சக்கினுள் படிந்த தூசியைத் துடையுங்கள். பிட்டின் வழவழப்பான அடிப்பகுதியை மூன்று தாடைகளும் சமமாகக் கவ்வுதல் வேண்டும். இரு தாடைகளுக்கிடையே மட்டும் சிக்கினால் பிட் ஆடும், துளையும் கோணும். பிறகு கையாலேயே நன்கு இறுக்குங்கள். சிலவகைச் சக்குகளில் ‘டிக் டிக்’ என்ற ஓசை கேட்ட பின்னரே பூட்டு விழும். கழற்ற வராமல் இறுகிவிட்டால், தாடைகளில் ஓரிரு சொட்டு எண்ணெய் விட்டுச் சற்று நேரம் கழித்து, ரப்பர்த் துண்டால் பற்றித் திருப்புங்கள்.

சக்கைக் கையால் பிடித்துக்கொண்டே மோட்டாரை ஓட்டி இறுக்குவோர் பலர். நொடி நேர வசதிக்காக உள்ளங்கையையும் மணிக்கட்டையும் பணயம் வைக்கலாமா? சாவியால் முடுக்கும் சக்கிற்கு 1902-இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் ஆர்தர் ஜேக்கப்ஸை அதற்குத் தூண்டியதே, பழைய சக்கினால் தம் கைமுட்டியில் பட்ட அடிதான் என்பர். கையைக் காக்கப் பிறந்த கருவியால் கையை இழக்க வேண்டாம்.