பின்னால் யார்?

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து பாட்டி ஊசியில் நூல் கோக்கிறாள். எடுத்தவன் அடியேன்தான், என் வாலிபத்தில். பாட்டியின் முகச் சுருக்கங்களை ஒவ்வொன்றாய் எண்ணிவிடலாம். பின்னால் இருப்பதெல்லாம் பஞ்சுப் பொதி மாதிரி மங்கிக் கிடக்கும். வருகிறவர்கள், "பேஷ்! சினிமாப் படம் மாதிரி அல்லவா இருக்கிறது!" என்பார்கள். எனக்கும் பெருமை தாங்காது.

வித்தை ஒன்றும் பரம ரகசியம் அல்ல. நம் கண்மணியைப் போல் காமிராவின் லென்ஸிலும் ஒரு துவாரம் உண்டு. அதை அகலத் திறந்தால் குறி வைத்த பொருள் மட்டும் தெளிவாக விழும். முன்னும் பின்னும் மங்கிவிடும். சுருக்கினால் எல்லாம் தெளியும். துவாரத்தின் அளவுக்கு எண்கள் உண்டு. எண் குறையக் குறையத் துவாரம் பெரிது என்பதுதான் வேடிக்கை! 35 மில்லிமீட்டர் பிலிம் காமிராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தி, 2 மீட்டர் தூரத்தில் ஒருவரை நிறுத்துங்கள். எண் 2-ல் தெளிவாக விழுவது சுமார் 20 சென்டிமீட்டர். ஏறக்குறைய ஒரு சாண்! எண் 8-ல் அதுவே நாலு சாண். கிட்டே நெருங்கினால் பின்னணி இன்னும் மங்கும்.

பாட்டிக்கும் இந்தச் சாஸ்திரம் தெரியும். ஊசிக் காது சரியாகத் தெரியாவிட்டால் கண்ணை இடுக்கிக் கொள்வாள். அதுவும் துவாரத்தைச் சுருக்குகிற காரியந்தானே?

இன்றைய செல்போனில் லென்ஸும் குட்டி, துவாரமும் குட்டி. ஆகவே, தள்ளி நிற்கும் ஆளைப் பிடித்தால் பின்னணி அவ்வளவாக மங்காது. போன் கணக்குப் போட்டு, ஆளைத் தனியே பிரித்து, மற்றதை மங்க அடிக்கிறது. சில சமயம் காதோரத்து முடியையும் ஜிமிக்கியையும் சேர்த்து விழுங்கிவிடும்!

கொடியில் தொங்கும் துணி, தலைக்கு மேல் முளைத்த மின்சாரக் கம்பம் இவற்றை மறைக்க இதைப்போல் உபகாரி வேறில்லை. ஆனால் 1932-ல் ஸான்பிரான்ஸிஸ்கோ வட்டாரத்தில் ஆன்ஸல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் கூடி, 64 என்ற மிகச் சிறிய துவாரத்தின் எண்ணையே தங்கள் கோஷ்டிக்குப் பெயராக வைத்துக் கொண்டார்கள். படத்தில் எல்லாமே தெளிவாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

அந்தக் கட்சியின் அருமை எனக்குச் சமீபத்தில்தான் விளங்கிற்று. பேத்தி அந்தப் படத்தைக் காட்டி, "பாட்டிக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ இருக்கிறதே, அது என்ன, தாத்தா?" என்று கேட்டாள்.

சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் தாத்தா! அவருக்கு வேறு படமே கிடையாது.

ஆகையால் ஒரு யோசனை. துவாரத்தை அகலத் திறந்து ஒரு படம் எடுங்கள். சுருக்கி இன்னொன்றும் எடுங்கள். 2-லிருந்து 8-க்குப் போனால் 16 மடங்கு வெளிச்சம் தேவை. கை ஆடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். எதற்கும், பின்னால் யார் இருக்கிறார் என்று முதலில் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.