எல்லாம்தான் இலவசமாச்சே சார்?

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் கிளம்புகிறவர்கள் கடைசி மூன்று பத்தியையாவது படித்துவிட்டுப் போங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு ஓடியது. மேல்மலைப் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்ததும் கூலி வேலைக்கும் லாட்ஜ் வேலைக்கும் போய்விடுகிறார்களே என்று ஒருவர் வருத்தப்பட்டார். உடனே பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கும் என் மாணவன் ஒருவன் பதில் போட்டான்: "இப்பல்லாம் கவர்மென்ட்டே எல்லாம் ஃப்ரீயா குடுக்குது சார். மாசம் ஆயிரம் ரூபா வேற. அதுக்கு மேலயும் படிக்கலைன்னா சோம்பேறித்தனம்தான்." அதற்குப் பதினேழு பேர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். அதில் என் தங்கை மகனும் ஒருவன். அன்றைக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. கோபத்தில் எழுதினால் எழுத்துப்பிழை வரும். இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

தம்பி, நீ சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில் வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் கவுன்சிலிங் மூலம் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாமே அரசுடையது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்படிப்புக்குத் தனிச் சலுகை. ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகளுக்கு, பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. கிறிஸ்தவர்களாக மாறிய ஆதிதிராவிடர்களையும் நம் மாநில அரசு கைவிடவில்லை. இதெல்லாம் பெரிய விஷயம். போராடி வாங்கியது. நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நீ விட்ட பாதி என்ன தெரியுமா? தேதி. கல்லூரி பணம் கேட்கிற தேதி ஒன்று, அரசுப் பணம் வருகிற தேதி இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மாதங்களில்தான் நம் மலைப் பிள்ளைகள் விழுகிறார்கள்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். மன்னவனூர்ப் பக்கத்துப் பெண். அப்பா இல்லை. அம்மா கேரட்டு, பூண்டுக் காட்டுக்குக் கூலிக்குப் போகிறவர். பிள்ளைக்கு சமவெளியில் ஒரு தனியார் கல்லூரியில் நர்சிங் இடம், கவுன்சிலிங்கிலேயே கிடைத்தது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு முழுத் தகுதி. சேரப் போன அன்று அலுவலகத்தில் சொன்னார்கள்: "முப்பதாயிரம் இப்பக் கட்டிருங்க. ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பித் தர்றோம்." அந்த அம்மா என்ன செய்வார்? ஊரில் அஞ்சு வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டார்.

கணக்கு வாத்தியார் இல்லை நான், இருந்தாலும் இந்தக் கணக்கைப் போடுங்கள். முப்பதாயிரத்துக்கு அஞ்சு வட்டி என்றால் மாதம் 1,500 ரூபாய். ஆண்டுக்கு அறுபது சதவீதம். புதுமைப் பெண் பணம் 1,000 ரூபாய். ஆக, அரசாங்கம் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த ஆயிரம் அப்படியே வட்டிக்காரர் கைக்குப் போனது. அதற்கு மேல் ஐநூறு அம்மாவின் கூலியில் இருந்து. உதவித்தொகை வந்து சேர எட்டு மாதம். அதற்குள் வட்டி மட்டும் 12,000. அந்த நடுவில் பிள்ளையின் தம்பி பிளஸ் ஒன்னை விட்டுவிட்டு ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக் கடையில் நின்றான். இன்னும் அங்கேதான் நிற்கிறான். கோடை சீசனுக்கு வரும்போது அவனிடம்தான் நீங்கள் சைக்கிள் வாங்கி ஓட்டுவீர்கள். அவன் சோம்பேறியா?

அந்த எட்டு மாதம் ஏன் ஆகிறது என்றும் கேளுங்கள். 2021 முதல் ஆதிதிராவிடர்களுக்கான இந்த உதவித்தொகையில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. மாநிலத்தின் 40 சதவீதம் விடுவிக்கப்பட்ட பிறகுதான் அது வரும். கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் ஓர் எழுத்து, மதிப்பெண் சான்றிதழில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அங்கேயே நிற்கும். ஓடிபி வர வேண்டும். மேல்மலையில் சிக்னலுக்கு மேடு தேடி ஏற வேண்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறி கொடைக்கானல் வர வேண்டும். வந்த நாளெல்லாம் கூலி போச்சு. பளியர் பிள்ளை என்றால் சாதிச் சான்று தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அதற்கு விசாரணை. அதற்குள் சேர்க்கை முடிந்துவிடும். பெண்களுக்கான இலவச பஸ்கூட 2021-இல் சமவெளியில் ஓட ஆரம்பித்தது. கொடைக்கானல் மலைக்கு 2024 பட்ஜெட்டில்தான் அறிவித்தார்கள். மலைக்கு எல்லாமே கடைசியாகத்தான் ஏறி வரும்.

ஆனால் ஒருவர் மட்டும் முதலில் ஏறி வந்துவிடுவார். புரோக்கர். ரிசல்ட் வந்த மறுநாளே பைக்கில் வந்து நிற்பார். "கவுன்சிலிங்லாம் எதுக்கு, நான் சீட்டு வாங்கித் தர்றேன், அஞ்சாயிரம் அட்வான்ஸ் குடுங்க" என்பார். அவர் வாங்கித் தருவது நிர்வாக ஒதுக்கீட்டு இடம். அதில் சேர்ந்தால் 7.5 சதவீதச் சலுகை கிடையாது, முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது, போஸ்ட் மெட்ரிக்கும் கிடையாது. எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு, அதற்குக் கமிஷனும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார். போதாததற்கு ஒரிஜினல் சான்றிதழையும் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே சொல்லியிருக்கிறது. கேட்கத் தெரிந்த அப்பா எத்தனை பேர்?

இனி என் பாவத்தைச் சொல்கிறேன். 2013 ஜூன் மாதம். என் மாணவனுடைய அப்பா வீட்டுக்கு வந்தார். ஆதிதிராவிடர் குடும்பம். பையனுக்குச் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் கவுன்சிலிங் இடம். "சார், காட்டை வித்துரவா?" என்று கேட்டார். நான் பெரிய மனுஷன் மாதிரி, "காடு போனா வாங்கிக்கலாம், படிப்பு போனா வராது" என்று வசனம் பேசினேன். அவர் விற்றுவிட்டார். சுயநிதிக் கல்லூரியில் சேரும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012 செப்டம்பரிலேயே அரசாணை எண் 92 வந்துவிட்டது. ஒன்பது மாதம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாது. வாத்தியாருக்கே தெரியாது! தெரிந்தபோது காடு கைமாறி, அதில் யாரோ ரிசார்ட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தார்கள். அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை. அந்த வசனத்தை அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்வதில்லை.

"அப்ப பேங்க் லோன் போகலாமே சார்" என்பீர்கள். போகலாம். கல்விக் கடன் கேவலமில்லை. நான்கு லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தவணை. தொழிற்படிப்பாக, அங்கீகாரம் பெற்ற கல்லூரியாக இருந்து, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் அதுவரையிலான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் நம் ஆட்களைப் பாருங்கள். சடங்குக்கும் காதுகுத்துக்கும் பந்தல் போட அஞ்சு வட்டிக்கு வாங்கத் தயங்க மாட்டார்கள், பெண் பிள்ளை படிப்புக்கு வங்கியில் கையெழுத்துப் போடச் சொன்னால், "நாளைக்குக் கட்டிக்கப் போறவன் கடனைக் கட்டுவானா?" என்பார்கள். என் உறவுகளே, உங்களைத்தான் சொல்கிறேன். ஒளிவு மறைவில்லை. இருந்தாலும் கடன் இரண்டாவது வழிதான். உரிமையாக வரவேண்டிய பணம் தேதிக்கு வராததால் ஒரு பிள்ளை கடனாளியாவது நியாயமே இல்லை.

அரசாங்கத்திடம் நான் கேட்பது புதுத் திட்டம் அல்ல. இருக்கிற பணத்தைச் சேர்க்கைத் தேதிக்கு முன்னால் தாருங்கள். அல்லது அது வரும்வரை எந்தக் கல்லூரியும் கை நீட்டாதபடி பாருங்கள். மே மாதத்தில் மன்னவனூர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று மலைக்கே வந்து சான்றிதழ் முகாம் போடுங்கள். கந்து வட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் போட்டீர்கள். அந்த வட்டிக்குப் பிள்ளைகளை நீங்களே அனுப்பாதீர்கள்.

உங்களிடம் கேட்பது வேறு. நன்கொடை வேண்டாம். கைமாற்று வேண்டும். இருபது பேர் ஆளுக்கு ஐயாயிரம் போட்டால் ஒரு லட்சம். மூன்று பிள்ளைகளின் முதல் கட்டணம். உதவித்தொகை வந்ததும் அந்தப் பணம் திரும்பும், அடுத்த ஆண்டு அடுத்த மூன்று பேருக்குப் போகும். வட்டி இல்லை, போட்டோ இல்லை, பொன்னாடை இல்லை. "திரும்பி வரலைன்னா?" என்று கேட்பவர்களுக்கு: வராமல் போகலாம். அஞ்சு வட்டிக்காரர் நம்பிக் கொடுக்கிற அந்த அம்மாவை, பிள்ளையோடு ஒரே பெஞ்சில் படித்தவர்கள் நாம் நம்ப மாட்டோமா? என் ஓய்வூதியத்தில் இருந்து பத்தாயிரம் முதலில் வைக்கிறேன். கணக்கை மாதாமாதம் குழுவில் போடுவேன்.

பணம் முடியாதவர்கள் நேரம் கொடுங்கள். மே மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒரு லேப்டாப்போடு மலை ஏறி வாருங்கள். ஆதார் பெயரையும் வங்கிக் கணக்கையும் சரிபார்த்து, விண்ணப்பம் போட்டுக் கொடுத்து, புரோக்கருக்கு முன்னால் நாம் போய் நிற்போம்.

பெங்களூர்த் தம்பி, உன் மேல் எனக்குக் கோபமில்லை. நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம் உன் சித்தப்பா நாலு மாதத்துக்குப் பணம் கொடுத்து வைத்தார், ஞாபகம் இருக்கிறதா? என்னிடம் சொல்லித்தான் கொடுத்தார். உனக்கு இருந்தது சுறுசுறுப்பு மட்டும் இல்லையடா. ஒரு சித்தப்பாவும் இருந்தார். அவர் இல்லாத பிள்ளைக்கு நீ இரு என்கிறேன்.

கமெண்டில் திட்டுகிறவர்கள் திட்டலாம். சேருகிறவர்கள் போனில் கூப்பிடுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் வேண்டாம், தூங்கிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் சார்