குழாய் நீரின் கடினமும் குடும்பக் கணக்கும்

சென்னையில் தண்ணீர் செய்தியாவது அது இல்லாதபோதுதான். 2019 ஜூனில் ஏரிகள் வறண்டதும், அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்ததும் நாடெங்கும் பேசப்பட்டன. ஆனால், குழாயில் வரும் தண்ணீர் எப்படிப்பட்டது என்ற கேள்வி வீட்டுக்குள் எழும் புலம்பலாகவும் குழாய் பழுதுபார்ப்பவரின் வருமானமாகவும் நின்றுவிடுகிறது. நான் வசிக்கும் அபிராமபுரத்தில், குழாய் வாயில் வெள்ளைப் படிவு காணாத அடுக்ககம் அரிது.

கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த நீரே கடின நீர். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012இல் திருத்தி வெளியிட்ட குடிநீர்த் தரத்தின்படி, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம். உலக சுகாதார நிறுவனமோ உடல்நலத்தை அடிப்படையாகக் கொண்டு இதற்கு வரம்பு எதையும் வகுக்கவில்லை. நோய் வரவழைக்காத குறை என்பதாலேயே நிர்வாகத்தின் கவனம் இதன்மீது விழுவதில்லை. பணப்பைக்கு நேரும் சேதத்தைக் கணக்கிட இங்கு எந்தத் துறையும் இல்லை.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். சுண்ணாம்பாகக் கணக்கிடப்படும் கடினத்தன்மை ஒரு கிராம் இருந்தால், அது ஏறத்தாழ ஆறு கிராம் சோப்பை நுரையாக விடாமல் பிசுக்காக மாற்றிவிடும். லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மை கொண்ட 15 லிட்டர் வாளித் தண்ணீர், நுரை எழும் முன்பே சுமார் 36 கிராம் சோப்பை விழுங்க வல்லது. சலவைத்தூளில் கடினத்தைக் கட்டுப்படுத்தும் பொருள்களைச் சேர்த்தே விற்கிறார்கள். அதற்கும் விலை நாம்தான் கொடுக்கிறோம். (சீயக்காய்க்கு இந்தத் தொல்லை இல்லை என்பது வேறு செய்தி. உப்புத் தண்ணீரில் தலை முழுகிய நம் பாட்டிமார் வேதியியல் படித்தவர்கள் அல்லர்.) பருப்பு வேகக் கூடுதல் நேரமும் எரிவாயுவும் ஆகின்றன. நீர் சூடாகும்போது சுண்ணாம்பு பிரிந்து கீசரின் கம்பிச்சுருள்மீது ஓடாகப் படிகிறது. வெப்பம் நீருக்குள் செல்லத் தடையாகி, மின்சாரம் கூடுதலாகச் செலவாகிறது. சில ஆண்டுகளில் சுருளே எரிந்து போகிறது. பாத்திரம் தேய்த்துப் பிழைக்கும் பெண்ணின் கைகளில் தோல் வறண்டு வெடிப்பது எந்த ரசீதிலும் ஏறுவதில்லை.

கேட்டிலிருந்து தப்பிக்க மட்டுமே செய்யும் இத்தகைய செலவைப் பொருளாதாரத்தில் தற்காப்புச் செலவு என்போம். இதில் ஒரு விந்தை உண்டு. எரிந்துபோன கீசருக்குப் பதில் புதிதாக ஒன்று வாங்கினால் நாட்டின் உற்பத்தி வளர்ந்ததாகக் கணக்கு காட்டும். குடும்பமோ பழைய நிலையிலேயே நிற்கும். இந்தச் செலவு வருவாய்க்கு ஏற்பவும் அமைவதில்லை. சோப்பும் எரிவாயுவும் ஏழையின் மாதச் செலவில் எடுத்துக்கொள்ளும் பங்கு, வசதி படைத்தவரின் செலவில் எடுத்துக்கொள்ளும் பங்கைவிடப் பெரிது.

இனி, சிக்கலின் மையத்துக்கு வருகிறேன். அபிராமபுரத்து அடுக்ககங்களில் பொதுவாக இரண்டு தண்ணீர்கள் உண்டு. ஒன்று குடிநீர் வாரியம் தருவது. ஏரிகளிலிருந்தும் கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலைகளிலிருந்தும் வருவதால் பெரும்பாலும் மென்மையானது. மற்றொன்று வளாகத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அடையாற்றுக் கழிமுகமும் கடலும் அருகிலுள்ள பகுதி இது. கடலோர நிலத்தடியில் நன்னீர், உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் உப்புநீரின் எல்லை கீழிருந்து ஏறத்தாழ 40 மீட்டர் உயரக்கூடும் என்பது நீரியலாரின் பழைய கணக்கு. கடல்நீரின் கடினத்தன்மையோ லிட்டருக்கு 6,000 மில்லிகிராமுக்கும் மேல். அது சிறிதளவு கலந்தாலே போதும்.

இந்த இரு நீரையும் ஒரே கீழ்நிலைத் தொட்டியில் கலந்து, ஒரே மோட்டாரால் மாடிக்கு ஏற்றுகிறோம். 2013இல் நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலை செயல்படத் தொடங்கியது. 2024இல் அங்கேயே 15 கோடி லிட்டர் திறனுள்ள இன்னொன்று திறக்கப்பட்டது. பெரும் பொருட்செலவில் கடலிலிருந்து உப்பை நீக்கித் தென்சென்னைக்கு அனுப்புகிறது அரசு. நாம் அதைத் தொட்டிக்குள் மறுபடியும் உவராக்குகிறோம். கழிப்பறைக்கும் அதே நீர், பருப்பு வேகவைப்பதற்கும் அதே நீர். கெட்ட பணம் நல்ல பணத்தை விரட்டும் என்ற கிரஷாம் விதி மாணவர்களுக்கு நான் பல்லாண்டுகள் சொல்லிக்கொடுத்தது. அதற்குத் தண்ணீர்த் தொட்டியிலும் ஓர் உதாரணம் கிடைக்கும் என்று அன்று நினைத்ததில்லை.

கலந்தபின் தனித்தனியே மருந்து தேடுகிறோம். மென்னீராக்கும் கருவி, கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. 100 மில்லிகிராம் கடினத்தை நீக்கினால் 46 மில்லிகிராம் சோடியம் நீரில் சேரும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் சமையலறைக் குழாயை அதனுடன் இணைப்பது நல்லதல்ல. எங்கள் அடுக்ககத்துக்கு வந்த விற்பனைப் பிரதிநிதி இதைக் கேட்டால்தான் சொன்னார். கருவியைக் கழுவிய உப்புக்கரைசல் சாக்கடைக்குப் போகிறது. வழக்கமான கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் கரைந்த உப்பு நீங்குவதில்லை. ஆர்.ஓ. கருவியோ ஒரு லிட்டர் தருவதற்கு மூன்று லிட்டரை வெளியே தள்ளுவது சாதாரணம். மொத்தக் கரைதிடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் இக்கருவிக்குத் தடை விதிக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் கூறியது இதனால்தான். அந்தத் தடைக்கு நம் வீடுகள் உட்படுமா, இல்லையா என்பதைச் சொல்ல, நம் தொட்டி நீரின் அளவீடு நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமே!

600 என்ற சலுகை வேறு ஆதாரம் இல்லாதவர்களுக்கானது. வாரியத்தின் குழாய் வாசலுக்கு வரும் அபிராமபுரம் அதைத் தன் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. கீழ்நிலைத் தொட்டியை இரண்டாகப் பிரித்து, சமையலறைக்கும் குளியலறைக்கும் வாரிய நீர், கழிப்பறைக்கும் வாகனம் கழுவவும் கிணற்று நீர் என்று தனிக்குழாய் அமைப்பது பழைய கட்டடத்தில் செலவு பிடிக்கும் வேலைதான். ஆயினும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கருவி வாங்கும் மொத்தத் தொகையுடன் அதை ஒப்பிட்ட பிறகே அடுக்ககச் சங்கங்கள் முடிவெடுக்க வேண்டும். புதிய கட்டடங்களுக்கு அனுமதி வழங்கும்போதே இதை நிபந்தனையாக்கலாம். 2003இல் மழைநீர்ச் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய மாநிலம் இது. அப்போது அமைத்த குழிகள் எத்தனை இன்று தூர்ந்து கிடக்கின்றன என்பதைப் பருவமழைக்கு முன் மாநகராட்சி வீடுவீடாகப் பார்த்தாலே, கிணற்று நீரின் கடினத்தைத் தணிக்கும் மலிவான வழி திறக்கும். இப்பகுதியின் வாரிய நீர், கிணற்று நீர் இரண்டின் கடினத்தன்மையையும் மாதந்தோறும் அளந்து வட்ட அலுவலகப் பலகையில் எழுதிவைக்கக் குடிநீர் வாரியத்துக்குப் புதிய சட்டம் தேவையில்லை.