மகள் காட்டுக்குப் படம் வரையப் போகிறாள்



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்து மூன்று முறை படித்தேன். குளுவாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நான்காம் படிவம் படிக்கும் அவர் மகளுக்கு, எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவில் மூன்று நாள் நடக்கும் பட்டறை ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறதாம். வனவிலங்குகளைப் படம் பிடிக்கவும் வரையவும் அங்கே கற்றுத் தருவார்களாம். "பிள்ளைக்குத் தரையில் கால் பாவவில்லை. அவள் அப்பாவோ, படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்கிறார். கேமரா இல்லாமல் போனால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்களே என்று என் சங்கிலியை அடகு வைக்க நினைக்கிறேன். என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அம்மா. சங்கிலி உங்கள் கழுத்திலேயே இருக்கட்டும். மூன்று நாள் பட்டறைக்காக அடகுக் கடைப் படி ஏற வேண்டாம். அங்கே பிள்ளை முதலில் கற்க வேண்டியது பார்க்கும் பழக்கம். அதற்குக் கண்ணும் பொறுமையும் போதும். வீட்டில் இருக்கும் கைத்தொலைபேசியும் ஒரு பென்சிலும் அவளுக்குத் தாராளம்.

நான் ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். அவருடைய மகன் மா. கிருஷ்ணன், 1912 இல் பிறந்தவர். தமிழ்நாட்டுக் காடுகளில் யானைகளையும் மான்களையும் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர். கையாலும் அழகாக வரைந்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துப் பொருத்திய ஒரு கருவியோடு காட்டில் அலைந்தார். 1950 முதல் 1996 இல் கண்மூடும் வரை ஓர் ஆங்கில நாளிதழில் இயற்கையைப் பற்றி எழுதி வந்தார். 1970 இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். பெரிய விலங்குகளைப் போலவே வீட்டு முற்றத்துக் காக்கையையும் அணிலையும் அவர் அக்கறையோடு கவனித்தார். அந்த அக்கறைக்கு விலைச்சீட்டு கிடையாது.

இனி அப்பாவின் கேள்விக்கு வருவோம். அதைக் கேலி செய்யக் கூடாது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, வெயிலில் செம்பனைக் குலை சுமந்து பிள்ளையைப் படிக்க வைப்பவர் கேட்கும் நியாயமான கேள்வி அது. மூன்று நாளில் வேலை கிடைத்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பாடப்புத்தகங்களுக்கும், அருங்காட்சியகங்களுக்கும், செடிகொடிகளையும் பூச்சிகளையும் ஆராய்பவர்களுக்கும் படம் வரையத் தெரிந்தவர்கள் இன்றும் தேவைப்படுகிறார்கள். இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. தெரிந்துகொண்டு வரட்டுமே!

அவள் போகும் காடும் சாதாரணக் காடல்ல. 1977 இல் அங்கே மரம் வெட்ட அனுமதி தரப்பட்டபோது நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. 1985-86 இல் மலாயா இயற்கைச் சங்கம் பெரிய ஆய்வுப் பயணம் ஒன்றை நடத்தி, அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பதிவு செய்தது. 1993 இல் ஜொகூர்ப் பகுதி, ஏறக்குறைய 49,000 எக்டர், தேசியப் பூங்காவாயிற்று. அன்று அங்கே சுமத்ரா காண்டாமிருகம் இருந்தது. இன்று மலேசியாவிலேயே இல்லை. கடைசியாக எஞ்சிய ஒன்று 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. காட்டுப் புலிகளும் நாடு முழுவதும் 150 க்குக் குறைவு என்கிறார்கள். இருப்பதை இருக்கும்போதே பார்த்து வரைந்து வைப்பது வீண் வேலையா, சொல்லுங்கள்.

அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள். பெண்பிள்ளைகளோடு தங்கும் ஆசிரியை யார்? படுக்கை எங்கே? காஹாங்கிலிருந்து பூங்கா வாயிலான கம்போங் பெத்தாவுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கரடுமுரடான பாதை. எந்த வண்டியில் அழைத்துப் போகிறார்கள்? கைத்தொலைபேசி எட்டாத இடத்தில் அவசரம் என்றால் என்ன செய்வார்கள்? ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும், ஆறு பெருகும். பூங்காவை மூடி வைக்கும் காலம் அது. எனவே தேதியையும் சரிபாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நல்ல ஏற்பாட்டாளர் பொறுமையாகப் பதில் சொல்வார்.

பைக்குள் வைக்க வேண்டியவை இவை. நீளக்கைச் சட்டை இரண்டு, நீளக் கால்சட்டை இரண்டு. சிவப்பும் மஞ்சளும் வேண்டாம், மங்கிய பச்சையோ பழுப்போ நல்லது. முழங்கால் வரை ஏறும் காலுறை, பிடிப்புள்ள சப்பாத்து, மழைச்சட்டை, தொப்பி, தண்ணீர்ப் போத்தல், கைவிளக்கு. வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, மாதாந்தரத் துணி, கொசுத் தைலம். ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. அட்டையைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் பிய்த்து இழுக்காமல், அது கடித்த இடத்தருகே நகத்தை வைத்து மெல்லத் தள்ளி எடுக்கச் சொல்லுங்கள்.

வரைவதற்குக் கெட்டி அட்டை போட்ட வெள்ளைத்தாள் புத்தகம் ஒன்று, மென்மையான பென்சில் இரண்டு, சீவும் கத்தி. தொலைபேசியையும் புத்தகத்தையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

போவதற்கு இரண்டு வாரம் இருக்கிறதல்லவா? வீட்டிலேயே பழகட்டும். காலையில் பசியாறியதும் பத்து நிமிடம், லயத்து வாசலில் மேயும் கோழியைப் பார்த்து வரையட்டும். முதலில் உடம்புக்கு ஒரு முட்டை வடிவம், பிறகு தலை, பிறகு கால். கண்ணும் இறகும் கடைசியில். கோழி நகர்ந்துவிட்டால் அழிக்காமல் பக்கத்திலேயே இன்னொன்றைத் தொடங்கட்டும். கோழி கைவந்தால் மைனா. மைனா வந்தால் வாய்க்கால் ஓரத்து மீன்கொத்தி.

தோட்டத்தில் கூகைக்குக் கூடு வைத்திருந்தால் மாலையில் தொலைவில் நின்று பார்க்கட்டும். அது அலறினால் ஆகாது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். ஆனால் செம்பனைப் பழத்தைத் தின்னும் எலிகளைப் பிடிக்கத்தான் அந்தப் பெட்டிகளை வைக்கிறார்கள். அதன் முகம் இதயத்தின் வடிவில் இருக்கும். வரைந்து பார்த்தால் பயம் போய்விடும்.

காட்டில் புலியைப் பார்க்கும் ஆசையோடு போக வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். மலாய்க்காரர்கள் தெனுக் என்று சொல்லும் தாப்பிர் கூடப் பெரும்பாலும் இரவில்தான் நடமாடும். ஆனால் ஈர மண்ணில் அதன் காலடி கிடைக்கலாம்: முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. பக்கத்தில் ஒரு காசை வைத்துப் படம் எடுத்தால் அளவு தெரியும். இருவாய்ச்சியின் சிறகோசை கேட்டால் அப்படியே நிற்கட்டும். பெண் பறவை மரப்பொந்தில் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிட, ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டும் குடும்பம் அது. கூட்டருகே போகவோ, பளிச்சென்று விளக்கடித்துப் படம் எடுக்கவோ, குரங்குக்குத் தீனி போடவோ வேண்டாம். பெத்தாவில் வாழும் ஜக்கூன் மக்கள் அந்தக் காட்டை அறிந்தவர்கள். அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கட்டும். அவர்களைப் படம் எடுப்பதானால் அனுமதி கேட்கட்டும்.

கடைசியாக ஒன்று. 1803 முதல் 1818 வரை மலாக்காவை நிர்வகித்த வில்லியம் ஃபார்குவார் என்ற அதிகாரி, இந்நாட்டு விலங்குகளையும் செடிகளையும் 477 ஓவியங்களாக வரையச் செய்தார். தாப்பிரும் அவற்றில் உண்டு. இன்று அவை சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கின்றன. வரைந்தவர்கள் சீன ஓவியர்கள் என்று கருதுகிறார்கள். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. வரையச் சொன்னவரின் பெயர் நின்றது. உழைத்த கையின் பெயர் அழிந்தது. காடழித்துக் கித்தா நட்ட நம் முன்னோருக்கும் அதே கதைதான்.

ஆகவே, அம்மா, மகளிடம் சொல்லுங்கள்: கோணலாக வந்தாலும் சரி, ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி, நேரம், இடம் எழுதி, தன் முழுப்பெயரையும் தமிழில் எழுதட்டும். திரும்பி வந்ததும் அந்தப் புத்தகத்தை முதலில் அவள் அப்பாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்க்கும்போது நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம்.

என்ன நடந்தது என்று மறக்காமல் எனக்கு எழுதுங்கள்.