சீட்டை நகர்த்தினார், விமானம் சாய்ந்தது

செம்பூரில் எங்கள் பில்டிங்கில் வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு குறைவு. என் மச்சான் துபாயில். அவர் விமானம் ஏறும் நாளில், இறங்கிவிட்டேன் என்று போன் வரும்வரை மாமியார் சாமி விளக்கை அணைய விடமாட்டார். "இப்பெல்லாம் ஆட்டோபைலட்தான் ஓட்டுது அத்தை, பயப்படாதீங்க" என்பேன். 2010-ல் நடந்ததை மட்டும் சொன்னதில்லை.

அந்த வருடம் மே 22-ல் மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் விழுந்து 158 பேர் இறந்தார்கள். நான்கே நாளில் அதே நிறுவனத்தின் துபாய் - புனே விமானம், 113 பயணிகளோடு 37,000 அடியில். கேப்டன் டாய்லெட்டுக்குப் போனார். 25 வயது துணை விமானி சீட்டைச் சரிசெய்தபோது, தெரியாமல் கட்டுப்பாட்டுத் தண்டை முன்னால் தள்ளிவிட்டார். விமானம் மூக்கைக் கவிழ்த்தது. பதறியவர் கதவைக்கூடத் திறக்கவில்லை. கேப்டன் அவசர எண்ணை அழுத்தி உள்ளே வந்து நிமிர்த்துவதற்குள் சுமார் 7,000 அடி போயாச்சு. பயணிகளிடம் சொன்ன காரணம்: 'ஏர் பாக்கெட்'!

இது புதிதுமல்ல. 1972 டிசம்பர் 29, அமெரிக்காவின் மியாமி அருகே ஈஸ்டர்ன் 401. எரியாத ஒரு சின்ன விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்டில் கை பட்டு, உயரத்தைப் பிடித்து வைக்கும் வேலையை மட்டும் ஆட்டோபைலட் விட்டுவிட்டது. மெல்ல இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. 101 பேர் போனார்கள்.

எனக்குப் பயம் இந்த 'அரைகுறை'யில்தான். முழுதாக அணைந்தால் அலாரம் அலறும். பாதி மட்டும் விட்டால், திரையில் நாலு எழுத்து மாறும், அவ்வளவே.

எங்கள் வங்கியிலும் பார்க்கிறேன். பேரேட்டின் கடைசிக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். போன வருடம் ஒருநாள் கிளையில் சிஸ்டம் படுத்துவிட்டது. ஒரு எஃப்.டி.க்கு வட்டியைக் கையால் போட வேண்டும். பையன்கள் என்னைப் பார்த்தார்கள். பி.காம். படித்த நானும் திணறினேன் :-) அங்கே கஸ்டமர் அரை மணி நேரம் காத்திருந்தார். ஆகாயத்தில் அந்த அரை மணி கிடைக்காது.

அந்தத் துணை விமானியை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கவிழும் விமானத்தைக் கையால் நிமிர்த்தும் பயிற்சியை அடிக்கடி கொடுங்கள். ஒருவர் வெளியே போனால் இன்னொருவரை உள்ளே உட்கார வையுங்கள். பாதி அணைந்தாலும் காது கிழிய அலறட்டும்.

மச்சான் அடுத்த மாதம் வருகிறார். இந்த முறை அத்தையிடம் ஆட்டோபைலட் கதை பேசப்போவதில்லை. விளக்குக்கு எண்ணெய் வாங்கி வந்துவிடுவேன்.