மும்முடிப் பட்டமும் பொய்ப்போரும்

ஜப்பானிய மற்போரைப் பற்றி எவரிடமேனும் பேசத் தொடங்கினால் முதற்கண் கிடைக்கும் விடை ஒன்றே: "அஃதெல்லாம் பொய்ச்சண்டை, வெல்வார் யார், தோற்பார் யார் என்பது முன்னரே பேசி முடித்தது." இவ்விடை பகர்ந்தோர் அதன்மேல் எண்ணுதற்கு யாதும் இல்லையென்று கைகழுவி விடுகின்றனர். முடிவு முன்னரே பேசப்படுவது உண்மையே. யாம் அதனை மறுக்க வந்தோம் அல்லேம். ஆயின், பொய் என்று பெயர் சூட்டிவிட்ட அளவில் ஆராய்ச்சி முடிந்துவிடுமோ? யார் யாரிடம் உரைத்த பொய், அதனால் கெட்டது யாது என்று வினவுதல் வேண்டாவோ? அந்நாட்டுப் பேரெடை மல்லர்க்கு உரியதாகிய மும்முடிப் பட்டத்தின் வரலாற்றை நோக்குங்கால், பொய் அதன்கண் உண்டு என்பதும், பழிப்போர் சுட்டும் இடத்தில் அஃது இல்லை என்பதும் எமக்குப் புலனாகின்றன.

நம் கல்லூரி மேடையில் கோவலன் கொலையுண்ணுங்கால் அவையோருள் எவரும் எழுந்தோடிக் காவலரை அழைப்பதில்லை. கண்ணீர் மட்டும் பெருகுகின்றது. வெட்டிய வாள் அட்டைவாள் என்பதை அறிந்தே அழுகின்றோம். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென வகுத்தார். அவற்றுள் அச்சமும் பெருமிதமும் வெகுளியும் உவகையும் ஒரே மாலைப்பொழுதில் பதினாயிரவர் நெஞ்சில் எழுமாயின், அஃது ஒருவகைக் கூத்து எனக் கொள்ளுதலே தகும். கூத்தைக் கூத்தென்று அறிந்து காண்பாரை எவரும் ஏமாற்றியதாகக் கூறுதல் இயலாது. ஆதலின் அப்பழியை இவ்வளவில் விடுத்து, வரலாற்றினுட் புகுவாம்.

ஜப்பானில் இக்கலையை நாடறியச் செய்தவர் ரிக்கிதோசான். சுமோ என்னும் நாட்டு மற்போரில் செக்கிவாக்கே என்னும் உயர்நிலை எய்திப் பின் 1950-ஆம் ஆண்டில் அதனை விட்டு விலகியவர். 1954 பெப்ருவரியில் அவரும் கிமுரா மசாஹிக்கோ என்னும் ஜூடோ வீரரும் இணைந்து, அமெரிக்காவிலிருந்து வந்த ஷார்ப் சகோதரரோடு பொருதனர். தொலைக்காட்சி தோன்றி ஓராண்டே ஆன காலம் அது. பெட்டி வாங்க இயலாத மக்கள் தெருமுனைகளிலும் புகைவண்டி நிலைய முற்றங்களிலும் நிறுத்தியிருந்த பெட்டிகளின்முன் ஆயிரக்கணக்கில் குழுமி நின்றனர். போரில் தோற்று ஒன்பது ஆண்டே கழிந்த நாட்டில், நெடிய வெள்ளையரைத் தம்மவர் ஒருவர் கைவீச்சால் வீழ்த்துவதைக் கண்ட உள்ளங்களின் நிலையை நாம் உய்த்துணரலாம்.

அவ்வாண்டு டிசம்பர் 22-ஆம் நாள், தோக்கியோ நகரத்துக் குராமே மண்டபத்தில் ஜப்பான் பேரெடைப் பட்டத்திற்கு ரிக்கிதோசானும் கிமுராவும் தம்முள் எதிர்த்தனர். ஈண்டுத்தான் எம் வாதத்தின் வேர் உள்ளது. கிமுரா எளியவர் அல்லர். 1951-இல் பிரேசில் நாட்டுக்குச் சென்று ஹீலியோ கிரேசியைக் கைமுறித்து வென்றவர். இருவரும் சமநிலையில் முடிப்பதென்று முன்னரே உடன்பாடு இருந்ததாக அவர் பிற்காலத்தில் உரைத்தார். நடந்ததோ வேறு. போர் நடுவில் ரிக்கிதோசான் திடீரென வெகுண்டு கையால் முகத்திலும் கழுத்திலும் மெய்யாகவே அடித்தார், கிமுரா குருதி சிந்தி வீழ்ந்தார், போர் நிறுத்தப்பட்டது, பட்டம் ரிக்கிதோசானுக்கு ஆயிற்று. பேசிவைத்த முடிவே பொய் என்பார்க்கு இந்நிகழ்ச்சி பெரியதோர் இடர்ப்பாடு. அன்று கோதாவில் போர் நடுவில் மூண்டது மெய்ச்சண்டை. கிமுராவின் கூற்று உண்மையாயின், குற்றமாவது அடித்தது மெய்யாக அடித்தமையே. நம்பித் தன் உடலை ஒப்புவித்தவன்பால் சொல் தவறியமையே. மல்லர் இருவர் முடிவைப் பேசிக்கொள்வது காண்போரை வஞ்சித்தற்கன்று. ஒருவன் கழுத்தை மற்றொருவன் கையில் ஒப்படைத்தற்கு என்பதை இந்நிகழ்ச்சியால் அறிகின்றோம்.

இதனினும் கொடிய பொய் ஒன்று அக்காலத்திலேயே உலவியது. அதனை உரைத்தவர் ரிக்கிதோசான். உரைக்கச் செய்தவரோ அவரைப் போற்றிய மக்களே. ஜப்பானின் மானத்தைக் காத்த வீரர் எனப் புகழப்பெற்ற அவர் கொரியாவில் பிறந்தவர். இயற்பெயர் கிம் சின்-ராக். கொரியரை இழித்து நோக்கிய அந்நாட்டில் சுமோ மண்டபத்திலும் பின்னர் மற்போர்க் கோதாவிலும், நாகசாக்கி நாட்டு ஓமுராவிற் பிறந்த ஜப்பானியர் என்றே அவர் அறியப்பட்டார். 1963 டிசம்பர் 8-ஆம் நாள் இரவு விடுதி ஒன்றிற் கத்தியாற் குத்துண்டு, 15-ஆம் நாள் உயிர் நீத்தார். அந்நாள்காறும் பொதுமக்கள் தம் தலைவனின் தாய்நாட்டை அறியார். பேசிவைத்து வென்றான் என்று நகைப்போர், ஒரு மனிதன் தன் தாய் இட்ட பெயரை வாய்விட்டுச் சொல்லவொட்டாமல் வாழ்ந்தமைக்கு யாது கூறுவர்? கோதாவினுள் அவர் ஆடிய கூத்தைக் காண்போர் அறிவர். வெளியே ஆடிய கூத்தையோ எவரும் அறியார். அதனை நிறுத்தும் உரிமையும் அவர்க்கு இருந்ததில்லை.

அவர் விட்டுச்சென்ற சர்வதேசப் பட்டமே மும்முடியுள் முதன்முடி. 1958 ஆகஸ்டு 27-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் லூ தெஸ் என்னும் பெருமல்லரை வென்று அவர் கொண்டது. (சிங்கப்பூரிலிருந்து வந்த கிங்காங்கை 1955-இல் வென்று ஆசியப் பட்டமும் அவர் கொண்டிருந்தார். நம் நாட்டுத் தாராசிங்கோடு பொருதமையால் நம் பெரியோர் பலரும் பெயரறிந்த கிங்காங்கே இவர்.) அவர் இறந்தபின் சர்வதேசப் பட்டம் 1965-இல் அவர் மாணவர் ஜயன்ட் பாபாவிடம் சென்றது, 1972-இல் கிம் இல் என்பாரிடம் சென்றது. கிம் இல் ரிக்கிதோசானைத் தேடிக் கடல் கடந்து வந்த கொரியர். ஜப்பானிய அரங்கில் ஓக்கி கிந்தாரோ என்று அழைக்கப்பெற்றார். ஆயினும் கொரியர் என்பதை அவர் மறைத்தாரில்லை. ஆசிரியர் மறைத்த பிறப்பை மாணவர் மறையாது அதே பட்டத்தை ஏந்தினார். இதனைப் பெரிதாக எடுத்து எழுதுவார் அரியர்.

ஏனை இரண்டு முடிகளைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. ஒன்று, 1971-இல் அன்டோனியோ இனோக்கி அமெரிக்காவில் வென்று கொணர்ந்த யுனைட்டெட் நேஷனல் பட்டம். மற்றொன்று, 1972-இல் பாபா நிறுவிய அனைத்து ஜப்பான் மற்போர்க் கழகம் 1973-இல் அவர்க்கே வழங்கிய பி.டபிள்யூ.எஃப். பட்டம். தாம் நிறுவிய கழகத்தின் பட்டத்தைத் தாமே முதற்கண் புனைந்தமை பற்றிச் சிரிப்போர் சிரிக்கலாம். யாமும் சிறிது சிரித்தோம்.

1989 ஏப்ரல் 18-ஆம் நாள், சர்வதேசப் பட்டம் உடைய ஜம்போ ட்சுருதா, ஏனை இரண்டும் உடைய ஸ்டான் ஹான்சன் என்னும் அமெரிக்கரைத் தோக்கியோவின் ஓத்தா மண்டபத்தில் வென்று மூன்றையும் ஒன்றாக்கினார். ஜப்பானியர் இதனைச் சங்கான் என்பர். மூன்று முடி என்பதே பொருள். இராசராசனை மும்முடிச் சோழன் என்று கல்வெட்டிற் படித்த நமக்கு இப்பெயர் வேற்றுமொழிப் பெயராகவே தோன்றவில்லை. மூன்று கச்சைகளும் தனித்தனியே இருந்தன. அரையில் ஒன்றைக் கட்டி ஏனையவற்றைத் தோளிலும் கையிலும் தாங்கி நிற்கும் வீரரின் ஒளிப்படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. 2013-ஆம் ஆண்டில் அம்மூன்றும் பாபாவின் மனைவியாரிடம் திருப்பி அளிக்கப்பட்டு, ஒரே கச்சை அமைக்கப்பெற்றது.

இப்பட்டத்தின் பொற்காலம் என்பது 1990 முதல் பத்தாண்டு. அக்காலத்தை யாமும் வியக்கின்றோம், வியந்தவாறே அஞ்சுகின்றோம். அதன் காரணத்தைக் கூறுவாம். முன்னாளில் பெரும்போர்கள் பலவும் முடிவின்றி முடிந்தன: இருவரும் கோதாவிற்கு வெளியே வீழ்ந்தனர் என்றோ, விதி மீறப்பட்டது என்றோ மணி அடிக்கப்படும், பெருமல்லர் எவர்க்கும் தோல்வி இல்லை. காண்போர் இதனை வெறுத்தனர். பாபா அவ்வழக்கத்தை ஒழித்து, ஒருவன் தோள் இரண்டும் தரையிற் பட்டு மூன்று எண்ணும்வரை கிடந்தே தோற்றல் வேண்டும் என்னும் நெறியைத் தம் கழகத்தில் நிலைநாட்டினார். நேர்மையான சீர்திருத்தமே, அதற்கு மக்கள் நிதியும் புகழும் வழங்கினர். ஆனால் அதன் விளைவு யாது? நேற்று எழுந்த வீழ்ச்சிக்கு இன்று எழாதிருத்தல் யாங்ஙனம்? இன்றைய வீழ்ச்சி நேற்றையதனினும் கொடியதாயிருந்தாலன்றி எவர் நம்புவர்? எனவே, இடையைப் பின்னின்று கட்டித் தலைக்கு மேலாகத் தூக்கி எறிதல், கழுத்தும் பிடரியும் தரையில் மோதுமாறு வீழ்த்துதல் என்பன ஆண்டுதோறும் மிகுந்தன. மெய்போலத் தோன்ற முயன்ற அளவிற்கு மெய்யாகவே எலும்பு முறிந்தது.

அக்கால வீரருள் மூவர் மிட்சுஹாரு மிசாவா, தோஷியாக்கி கவாதா, கெந்தா கோபாஷி என்போர். 1992 ஆகஸ்டு 22-இல் மிசாவா ஹான்சனை வென்று மும்முடி புனைந்தார். 1999 ஜனவரி 22-ஆம் நாள் ஒசாக்காவில் கவாதா அவரை எதிர்த்தார். போரின் தொடக்கத்திலேயே மிசாவாவின் தலையில் மோதிக் கவாதாவின் வலக்கை எலும்பு முறிந்தது. முறிந்த கையோடு அவர் இறுதிவரை பொருது பட்டம் வென்றார். வென்ற பட்டத்தை அம்முறிவு காரணமாகவே துறந்தார். வெற்றி முன்னரே பேசியதாயிருக்கலாம். கை முறிவதை எவரும் பேசி வைத்திலர். ஒன்பது நாள் கழித்துப் பாபா மறைந்தார். 2000-ஆம் ஆண்டில் மிசாவா ஏறத்தாழ எல்லா வீரரையும் உடன்கொண்டு வெளியேறி நோவா என்னும் கழகம் கண்டார். பழைய கழகத்து ஜப்பானிய மல்லருள் கவாதாவும் மசனோபு ஃபுச்சியுமே எஞ்சினர். அதே ஆண்டு மே மாதம், மும்முடியை முதலிற் புனைந்த ட்சுருதா ஈரல் மாற்றுச் சிகிச்சையின்போது மணிலாவில் இறந்தார்.

மிசாவாவின் முடிவை எழுதக் கை தயங்குகின்றது. தம் கழகத்தின் தலைவராகவும் முதல்வீரராகவும் இருந்தமையால் ஓய்வு கொள்ள அவர்க்கு இடமில்லை. அவர் பெயரில்லாவிடில் மண்டபம் நிரம்பாது. கழுத்தும் தோளும் பழுதுற்ற நிலையிலும் ஊர் ஊராகச் சென்று பொருதார். 2009 ஜூன் 13-இல் ஹிரோஷிமாவில், வாழ்நாளில் எண்ணிறந்த முறை தாங்கிய அதே பின்வீச்சு ஒன்றிற்குப் பின் எழுந்திலர். வயது நாற்பத்தாறு, நாற்பத்தேழு நிரம்ப ஐந்து நாள் இருந்தது. எறிந்தவர்மேற் குற்றமில்லை, அவர் முறைப்படியே எறிந்தார்.

"வீரர் தாமே உடன்பட்டனர், ஊதியமும் பெற்றனர், அவர் உடலுக்கு நாம் ஏன் கவலுதல் வேண்டும்?" என்று நண்பர் ஒருவர் எம்மை வினவினார். இவ்வினா எளிதன்று. பவுலடிகள் கொரிந்தியர்க்கு எழுதுங்கால் பந்தயச்சாலையையும் ஓடுவோர் பெறும் வாடும் மாலையையும் உவமை கூறினார். உடலை ஒறுத்துப் பயில்வதை அவர் இகழ்ந்தாரில்லை. யாமும் பயிற்சியை இகழவில்லை. ஆயின் அதே அடிகள் அதே நிருபத்தில் உடலைத் தூய ஆவியின் ஆலயம் என்றார். ஆலயத்திற்கு ஒருவன் தானே தீயிடினும், விறகு கொண்டுவந்து கொடுத்தவரும் கைதட்டி நின்றவரும் கணக்கினின்று நீங்குவரோ? உடன்பட்டான் என்னும் சொல்லுக்கும் எல்லை உண்டு. தலைகுப்புற வீழாதவனுக்குக் கைதட்டும் இல்லை, பட்டமும் இல்லை என்று ஆனபின், உடன்படாமை என்பது பட்டினி என்று பொருள்படும்.

ஆதலின், முடிவுகளைப் பேசிவைத்தல் ஒழிதல் வேண்டும் என்று யாம் கேட்கவில்லை. பேசிவைப்பது இன்னும் நன்றாகப் பேசிவைக்கப்படுதல் வேண்டும்: பிடரி மோதும் வீச்சுக்களை விலக்குவதும், மருத்துவர் ஒப்பாதவரைக் கோதாவில் ஏற்றாமையும், தலைமை வீரரே கழகத் தலைவராயிருந்து தமக்குத் தாமே ஓய்வு மறுத்துக்கொள்ளும் முறையை ஒழிப்பதும் அப்பேச்சினுள் அடங்குதல் வேண்டும். 2009-இல் மும்முடி புனைந்த யோஷிஹிரோ தாக்கயாமா, 2017 மே மாதத்தில் போர் ஒன்றில் கழுத்தெலும்பு நைந்து, கழுத்திற்குக் கீழ் உடல் அசைவிழந்தார். உடன் பொருத மல்லர் மண்டபந்தோறும் உண்டியல் ஏந்தி அவர் மருத்துவத்திற்கு நிதி திரட்டினர். அவர்தம் அன்பு பெரிது. எனினும், ஒவ்வொரு பட்டப்போரின் வாயிற்பணத்திலும் ஒரு பங்கு, கச்சைக்குப் பொன்பூசுதற்கு முன்னரே, வீழ்ந்தவர் மருத்துவத்திற்கென்று ஒதுக்கப்படுதல் வேண்டும் என்பதே எம் கோரிக்கை. உண்டியல் அதன்பின் வரட்டும்.