டிரிப்ஸ் ஓடும் கையில் இரத்தம் எடுக்கலாமா?

பௌர்ணமி இரவிலே அருணாசலத்தை வலம்வருவதற்காகத் திரளான ஜனங்கள் 14 கிலோமீட்டர் நடக்கிற திருவண்ணாமலையில், உபவாசத்தினாலும் வியர்வையினாலும் சோர்ந்து மயங்கிய பெரியவர் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தால், முதற்காரியமாக அவர் கையில் வென்ஃப்ளான் போட்டு டிரிப்ஸ் ஏற்றுவார்கள், அது உசிதமே. இரத்தப் பரிசோதனை என்கிற யோசனை சில சமயம் அதற்குப் பிறகுதான் எழும். அப்போது, “இருக்கிற ஊசியிலேயே எடுத்துடுங்க சிஸ்டர், மறுபடியும் குத்தணுமா?” என்று உறவினர் கெஞ்சுவதும், ஓயாத வேலையினிடையே நர்ஸ் இணங்கிவிடுவதும் மனுஷ சுபாவந்தான். (வலியைக் கண்டு மனம் இளகுகிறவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.) ஆயினும் அந்தத் தயவு நோயாளிக்கு அபகாரமாக முடியக்கூடும்.

ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் திரவத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5,000 மில்லிகிராம் சர்க்கரை உண்டு. எடுத்த மாதிரியில் பத்தில் ஒரு பங்கு அத்திரவமாக இருந்துவிட்டால், உண்மையில் 100 இருக்கிற சர்க்கரை ரிப்போர்ட்டில் ஏறக்குறைய 590 ஆகிவிடும். அதை நம்பி இன்சுலின் போட்டால் நேரும் விபரீதத்தை நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. நார்மல் சலைன் கலந்தால் ஹீமோகுளோபின் குறைந்தும் குளோரைடு கூடியும் தெரியும். திரவமே கலக்காவிட்டாலுங்கூட, மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியே சிரிஞ்சால் வேகமாக இழுக்கையில் சிவப்பணுக்கள் சிதைந்து, அவற்றினுள் அடங்கியிருந்த பொட்டாசியம் வெளிப்பட்டு, இருதயத்துக்கே ஆபத்து வந்துவிட்டதுபோன்ற பொய்த்தோற்றம் உண்டாகும்.

நரம்பே கிடைக்காத நோயாளிகள் உண்டு. அவர்களிடம் வேறு வழியில்லை. அப்போது டிரிப்ஸை இரண்டு நிமிஷமாவது நிறுத்தி, முதலில் வருகிற சிறிதளவு இரத்தத்தை ஒதுக்கிவிட்டு, நிதானமாக இழுக்க வேண்டும். காய்ச்சலுக்கான கல்ச்சருக்கு மட்டும் இந்தச் சலுகை பொதுவாகக் கூடாது. குழாயில் குடியேறிய கிருமியே நோயாளியின் கிருமியாக வேஷம் போட்டுவிடும்.

மற்றவர்களுக்கு உபாயம் எளிது. வென்ஃப்ளான் போடும் டிரேயிலேயே ஊதா மூடிக் குழாயும் சாம்பல் மூடிக் குழாயும் இருந்தால், டிரிப்ஸை இணைக்கும் முன்பே அந்த ஒரே குத்தில் மாதிரியை எடுத்துவிடலாம். தவறினால் மறு கை இருக்கிறது. எந்தக் கையில் எடுத்தது, அந்நேரம் எந்தத் திரவம் ஓடியது என்று பரிசோதனைச் சீட்டில் ஒரு வரி எழுதிவைத்தால், 590 என்ற எண்ணைக் கண்டதும் லேப்காரர் வார்டுக்குப் போன் செய்து வேறு மாதிரி கேட்பார்.